ஒரே 'பாஸ்', இரண்டு ஒலியன்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன், மிஸ். ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா முதலாம் வருடம் படிக்கிறேன். மொழியியல் பாடத்துக்கு ஒரு கையேடு தந்திருக்கிறார்கள். 70 சொற்களுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவிலக்கணம். இரவிரவாகப் பாடமாக்குகிறேன், இரண்டு நாளில் எல்லாம் கலைந்து போகிறது. ஃபோனீம், மோர்ஃபீம், அலஃபோன் மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. தமிழில் தேடினால் ஓர் இடத்தில் ஒலியன், இன்னோர் இடத்தில் ஒலியம். தமிழில் விளங்கிக்கொள்வதா, ஆங்கிலத்திலேயே படிப்பதா? அந்த உச்சரிப்புக் குறியீடுகளைக் கண்டாலே பயம். இதெல்லாம் இங்கிலிஷ் கதைக்க உதவாது என்று சிநேகிதி சொல்கிறாள். அவள் சொல்வது சரியா?

பதில்:

அன்புள்ள மகள்,

முதலில் அந்த வரைவிலக்கணங்களைப் பாடமாக்குவதை நிறுத்துங்கள். நானும் உங்கள் வயதில் அதைத்தான் செய்தேன். 'பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி அலகு' என்று ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பேன். வாய்மொழிப் பரீட்சையில் "சரி, தமிழில் இருந்து ஓர் உதாரணம் சொல்லும்" என்று கேட்டார்கள். வாயடைத்துப் போனேன். பிறந்ததில் இருந்து பேசுகிற மொழியில் ஒரு உதாரணம் வரவில்லை.

அந்தக் கையேட்டில் இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. அதை உங்கள் வாயில், உங்கள் தமிழில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஃபோனீமில் தொடங்குவோம். உங்கள் வீட்டில் சுவர் கட்ட வருகிறவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? மேசன் பாஸ். தம்பி சோதனையில் என்ன ஆனான்? பாஸ். இரண்டையும் எழுதிப் பாருங்கள், எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போது விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். மேசன் பாஸில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டையில் ஒரு சின்ன அதிர்வு கிளம்புகிறது. சோதனை பாஸில் உதடு திறந்த பிறகுதான் அதிர்வு. அந்த ஒரு அதிர்வு மாறினால் ஆள் மாறிவிடுகிறார். இதுதான் பரிசோதனை: ஓர் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள். பொருள் மாறினால் அவை இரண்டும் தனித்தனி ஒலியன்கள். இப்படி ஒரே ஒரு ஒலியால் வேறுபடும் சோடிக்குத்தான் உங்கள் கையேட்டில் 'மினிமல் பெயார்', அதாவது மிகச் சிறிய வேறுபாடுள்ள சோடி, என்று போட்டிருப்பார்கள். தமிழில் வலை, வளை. கடலில் வீசுவது ஒன்று, கையில் போடுவது ஒன்று. நடுவில் ல, ள மட்டும்தான் வேறு.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 'பாஸ்' இரண்டுமே இரவல் சொற்கள். ஒன்று ஆங்கிலத்தில் இருந்து வந்தது, மேசன் பாஸ் ஒல்லாந்தர் விட்டுப் போனது. நம்முடைய பழைய சொற்களில் தொண்டை அதிரும் ப சொல்லின் தொடக்கத்தில் வராது. 'அம்பு' என்பதில் ம்-க்குப் பிறகு வரும், 'அப்பா' என்பதில் வராது. யாராவது 'அம்பு' என்பதை அதிர்வில்லாமல் சொன்னால் "இவர் வெளியூர்க்காரர்போல" என்று நினைப்போம், வேறு பொருள் கொள்ள மாட்டோம். அதனால்தான் தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே ப-வை வைத்துக்கொண்டது.

க-வையும் பாருங்கள். கல், தங்கம், பகல். மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. கல்லில் வன்மையாக வெடிக்கிறது, தங்கத்தில் தொண்டை அதிர்கிறது, பகலில் கிட்டத்தட்ட ஹ-வாகக் கரைந்துபோகிறது. இவை ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து சண்டை பிடிப்பதில்லை. வீட்டில் சாரம், கந்தோரில் காற்சட்டை என்று ஒரே மனிதர் இடத்துக்கு ஏற்ற உடுப்போடு நிற்பது போலத்தான். க என்பது ஒலியன், அந்த மூன்று உடுப்பும் அதன் அலஃபோன்கள். தமிழில் மாற்றொலி.

இனி ஆங்கிலத்துக்கு வாருங்கள். மழைக்குப் போடுகிற கோட், புல் மேய்கிற கோட். தமிழில் எழுதினால் உடுப்பும் ஆடும் ஒன்றாகிவிடுகின்றன, பார்த்தீர்களா! நமக்கு மாற்றொலியாக இருக்கிற அதே வித்தியாசம் ஆங்கிலக்காரருக்கு ஒலியன் வித்தியாசம். நம் பிள்ளைகள் கேட்டு எழுதுதலில் இந்தச் சோடிகளில் தடுமாறுவது மந்தத்தால் வருவதில்லை. அவர்களுடைய தமிழ்க் காது சின்ன வயதிலேயே இந்த வித்தியாசத்தை 'பெரிய விஷயம் இல்லை' என்று ஒதுக்கிவைத்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்தால்தான் விளக்கம் முழுமையாகும். ஒரு சின்னக் கடதாசித் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். ஊசியைக் குறிக்கும் பின் என்ற ஆங்கிலச் சொல்லை பிபிசி செய்தி வாசிப்பவர் மாதிரி கொஞ்சம் ஊதிச் சொல்லுங்கள். கடதாசி துடிக்கும். இப்போது ஸ்பின் என்று சொல்லுங்கள். கடதாசி அசையாது. நாம் வழக்கமாகக் கதைக்கிற இலங்கை ஆங்கிலத்தில் இரண்டிலும் கடதாசி சும்மாதான் நிற்கும், அதனால் ஊதச் சொன்னேன். பிரித்தானியர் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு ப-வையும் சொல்கிறார்கள், ஆனால் இரண்டு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது மாற்றொலி. ஹிந்தி பேசுகிறவரிடம் கேட்டால் இரண்டும் வேறு வேறு எழுத்து என்பார். ஒரே காற்று, மூன்று மொழி, மூன்று தீர்ப்பு. எது ஒலியன், எது மாற்றொலி என்பதை அந்தந்த மொழிதான் தீர்மானிக்கிறது. பரீட்சையில் இந்த ஒரு கருத்தைச் சொந்த உதாரணத்தோடு எழுதினால் போதும், வரைவிலக்கணம் தானாக வந்து விழும்.

மோர்ஃபீம் ஏன் குழம்புகிறது என்றால், பெயரின் வால் ஒன்றாக இருப்பதால். அந்த வாலையே பிடித்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ஃபோன் என்றால் ஒலி, நம் கையில் இருக்கிற ஃபோனும் அங்கிருந்து வந்ததுதான். மோர்ஃப் என்றால் உருவம். 'ஈம்' என்ற வால் வந்தால் மொழி கணக்கில் எடுக்கிற அலகு. 'அல' என்ற தலை வந்தால் அதன் வேறு வடிவம். தமிழாக்கியவர்களும் இதே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள்: ஒலி, ஒலியன், மாற்றொலி, உரு, உருபன், மாற்றுருபன். ஆறு சொல்லைத் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டாம், நாலு துண்டு தெரிந்தால் ஆறும் வரும். இப்படிச் சொல்லைத் துண்டு துண்டாகக் கழற்றினீர்களே, அதற்குப் பெயர்தான் மோர்ஃபொலஜி, உருபனியல்.

சாதாரண தரத்துத் தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தது ஞாபகம் இருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை என்று 'நடந்தனன்' என்பதைக் கூறுபோட்டோமே. அன்று அலுத்துக்கொண்டு செய்த அதே வேலைதான் இது. அந்தப் படிப்பு இன்று உங்களுக்குக் கைமுதல், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பலருக்கு அது கிடையாது.

ஆனால் உருபனை அசையோடு குழப்பாதீர்கள். கல்லடி என்ற பெயரை எடுங்கள். சொல்லும்போது கல், ல, டி என்று மூன்று அசை. பொருள் பார்த்துப் பிரித்தால் கல், அடி என்று இரண்டு உருபன். நடுவில் இரட்டித்த ல் எங்கிருந்து வந்தது என்று நன்னூல் படித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் பனானா மூன்று அசை, ஒரே உருபன். நாய்கள் என்ற பொருளில் வரும் டோக்ஸ் ஒரே அசை, இரண்டு உருபன். அசையை வாய் எண்ணும், உருபனைப் பொருள் எண்ணும்.

அலமோர்ஃப், அதாவது மாற்றுருபன், என்னை நாலு வருடம் தலைகுனிய வைத்த இடம். படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் இறந்தகாலத்து 'ஈடி' விகுதியை எல்லா வினையிலும் 'எட்' என்றே சொல்லிக்கொடுத்தேன். வாக்கெட், லாஃபெட், ப்ளேயெட். பிள்ளைகளும் கோரஸாகச் சொன்னார்கள். ஒருநாள் வகுப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த ஓர் ஆலோசகர், பாடம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "மிஸ், தமிழில் இறந்தகால இடைநிலை எத்தனை?" என்று மட்டும் கேட்டார். த், ட், ற், இன் என்றேன். செய்தான், உண்டான், சென்றான், பாடினான். "அப்போ ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் ஒன்று?" என்றார். எழுத்தில் ஒன்றாகத் தெரிகிற அந்த விகுதிக்கு வாயில் மூன்று வடிவம். வாக், லாஃப் போலத் தொண்டை அதிராத ஒலியில் முடியும் வினைக்குப் பின் அதிராத ட். ப்ளே போல அதிரும் ஒலியில் முடிந்தால் அதிரும் ட். வினையே ட் ஒலியில் முடிந்தால், அது அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும், நடுவில் ஒரு இ சேரும்: வான்டிட். தமிழில் எந்த வினைக்கு எந்த இடைநிலை என்பது பெரும்பாலும் வினையின் வகையைப் பார்த்து வரும், ஆங்கிலத்தில் முந்தி நிற்கிற ஒலியைப் பார்த்து வரும். அவ்வளவுதான் வேறுபாடு. பன்மைக்கு வரும் எஸ்ஸும் இதே கதை. கேட்ஸ், டோக்ஸ், பஸஸ் மூன்றையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இதிலேயே உங்கள் சிநேகிதிக்கும் பாதிப் பதில் இருக்கிறது. சொல் தெரிவதால் மட்டும் நாக்கு ஓடாது, அது உண்மை. தாராளமாகக் கதைக்கிறவர்களில் பலருக்கு ஃபோனீம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் நீங்கள் நாளைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப் போகிறவர். ஒரு பிள்ளை 'வாக்கெட்' என்று சொல்லும்போது பிழை எங்கே, ஏன் என்று பார்க்கத் தெரிய வேண்டும். வைத்தியருக்கு எலும்பின் பெயர் தெரிவது நடப்பதற்காகவா?

ஒலியை எங்கே எப்படி உண்டாக்குகிறோம் என்ற பகுதியில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. பத்து, பற்று, பட்டு என்று மூன்றையும் வாசியுங்கள். பத்தில் நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. பட்டில் நாக்கு பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. பற்றில், நம் பக்கத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தால், மேற்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் போய் நிற்கிறது. ஆங்கிலத்து 'டீ' எழுத்தின் ஒலி பிறப்பது அந்த மேட்டில்தான். தமிழ்நாட்டில் பற்று என்பதை பெரும்பாலும் 'பட்ரு' என்பதுபோலச் சொல்வார்கள், நம்மவர் வாயில் அந்தப் பழைய ஒலி இன்னும் இருக்கிறது. ஆகவே டீச்சர் என்று சொல்லும்போது பட்டின் ட-வை விட்டுவிட்டுப் பற்றின் இடத்துக்கு நாக்கைக் கொண்டுபோங்கள். நம்மூரில் 'ரீச்சர்' என்று எழுதுகிறார்களே, அதற்கும் காரணம் இதுதான். காது சரியாகக் கேட்டிருக்கிறது, எழுத்துத்தான் அகப்படவில்லை. ஒலி பிறக்கும் இடம், பிறக்கும் விதம், தொண்டை அதிர்வு. இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால் எந்த மெய்யொலிக்கும் கையேட்டில் இருக்கிற நீண்ட பெயரை நீங்களே கட்டிவிடலாம். தொல்காப்பியர் பிறப்பியலில் பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று வரிசைப்படுத்துவதும் இதே கணக்குத்தான்.

தொடரியலுக்கு, அதாவது சின்டாக்ஸுக்கு, கல்முனைச் சந்தைக்குப் போங்கள். 'பெரிய மீன் யாவாரி' என்று ஒருவரைச் சொன்னால் பெரியது யார், மீனா ஆளா? 'பெரிய மீன்' என்பதை முதலில் கட்டிவிட்டு யாவாரியைச் சேர்த்தால் ஒரு பொருள், 'மீன் யாவாரி'யை முதலில் கட்டினால் இன்னொன்று. சொல் ஒன்றும் மாறவில்லை, முடிச்சுத்தான் மாறியது. அந்த முடிச்சை வரைந்து காட்டுவதுதான் உங்களைப் பயமுறுத்துகிற மர வரைபடம். இதையே ஆங்கிலத்தில் சொல்லி இரண்டு மரமும் வரைந்து பாருங்கள், அதே இரட்டைப் பொருள் வரும்.

செமான்டிக்ஸ், ப்ராக்மாடிக்ஸ் இரண்டையும் பிரிக்க ஒரு வசனம் போதும். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன்" என்கிறோம். சொற்களின் பொருளைப் பார்த்தால் திரும்பி வருவேன் என்ற வாக்குறுதி. அது செமான்டிக்ஸ், பொருண்மையியல். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்கிறார், யாரும் "எத்தனை மணிக்கு வருவீர்?" என்று கேட்பதில்லை. இந்தச் சூழலில் அது விடைபெறுதல். அது ப்ராக்மாடிக்ஸ். பேச்சால் நாம் காரியம் செய்கிறோம் என்று ஒக்ஸ்ஃபோர்டின் மெய்யியலாளர் ஜே.எல். ஒஸ்டின் விளக்கினார், கையேட்டில் ஸ்பீச் ஆக்ட் என்று இருப்பது அவர் வழி வந்தது.

டயலெக்ட், அக்ஸென்ட் இரண்டும் ஒன்றல்ல. உச்சரிப்பு மட்டும் வேறென்றால் அக்ஸென்ட். சொல்லும் இலக்கணமும் சேர்ந்து வேறென்றால் டயலெக்ட், கிளைமொழி. 'பிறகு' என்பதற்கு நாம் 'மறுகா' என்போம். வெளி மாவட்டத்தில் படிக்கும்போது அதற்காக என்னைச் சிரித்திருக்கிறார்கள், நானும் கொஞ்சக் காலம் அந்தச் சொல்லை ஒளித்து வைத்திருந்தேன். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் மட்டக்களப்புத் தமிழைப் பேச்சுத்தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று எழுதியிருப்பது பிறகுதான், அதாவது மறுகாதான், தெரிய வந்தது. மொழியியலாளருக்குக் கிளைமொழி என்பது வசைச்சொல் இல்லை. கொழும்புச் செய்தி வாசிப்பவர் பேசுவதும் ஒரு கிளைமொழிதான். மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்வது டிஸ்கிரிப்டிவ், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்வது பிரிஸ்கிரிப்டிவ். ஆசிரியருக்கு இரண்டும் வேண்டும், ஆனால் எந்த நேரத்தில் எந்தத் தொப்பி என்று தெரிய வேண்டும்.

கையேட்டில் மிச்சம் இருக்கிற, சொசூர், சொம்ஸ்கி போன்ற மொழியியலாளர்கள் தந்த சோடிச் சொற்களை இந்தத் தவணையில் அவசரப்பட்டு விழுங்க வேண்டாம். மேலே சொன்னவை கைக்கு வந்தபின் அவை ஒரு பின்னேரத்து வேலை.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டீர்கள். விடை எழுதும் மொழி ஆங்கிலம், ஆகவே ஆங்கிலப் பெயரை விட முடியாது. விளங்கிக்கொள்வது தமிழில் நடக்கட்டும். ஒலியனா ஒலியமா என்பதில் மண்டையை உடைக்காதீர்கள், இரண்டும் ஒன்றுதான். ஒன்றைத் தேர்ந்து கொப்பி முழுக்க அதையே எழுதுங்கள். கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்ற விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். நவீன மொழியியல் கண்ணோடு தமிழ் இலக்கணம் எழுதிய பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடிக்காரர். இந்தக் கரையோரத்துப் பிள்ளைக்கு மொழியியல் அந்நியமான பாடம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கடைசியாகக் குறியீடு. 1886இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கம் உருவாக்கியது அது. ஆங்கிலத்தில் எழுத்து 26, நியம பிரித்தானிய உச்சரிப்பில் ஒலியன் பொதுவாக 44 என்று கணக்கு. எழுத்துப் போதாது, அதுதான் குறியீட்டின் தேவை. அவற்றில் பெரும்பங்கு நீங்கள் அறிந்த ஆங்கில எழுத்துகளேதான். புதியவற்றில் முதலில் ஒன்றைப் பிடியுங்கள்: தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில 'ஈ' எழுத்து. ஷ்வா என்று பெயர். பனானாவின் முதல் அசையிலும் கடைசி அசையிலும் வரும் சோம்பேறி ஒலி அது, ஆங்கிலத்தில் அதிகமாக வரும் உயிரொலியும் அதுதான். அடுத்து, இரண்டு சாய்கோட்டுக்குள் எழுதினால் ஒலியன், சதுர அடைப்புக்குள் எழுதினால் வாயில் உண்மையாக வந்த ஒலி. இந்த அடைப்பை மாற்றிப் போட்டுப் புள்ளியை இழக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

பழகுவதற்கு உங்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள், முதலில் சாய்கோட்டுக்குள், பிறகு சதுர அடைப்புக்குள். பெயரை நான் இங்கே போடவில்லை, ஆனால் அதன் நடுவில் ஒரு க இருக்கிறது. அது கல்லின் க-வா, தங்கத்தின் க-வா, பகலின் க-வா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.